தொகுப்பின் நிறைவும் தொகுப்போர் நாணயமும்

'தொகை' என்னும் சொல்லைத் தமிழர் இரு துறைகளில் வழங்குகின்றனர். எண்ணிக் கட்டிய பணமும் தொகை. தேர்ந்து கோத்த பாட்டும் தொகை. எட்டுத்தொகையைக் கற்பிக்கும் ஆசிரியர் வகுப்பறையில் சொல்லும் அதே சொல்லை, கல்லாப் பெட்டியின் முன் அமர்ந்த கடைக்காரரும் சொல்கிறார். இவ்விரு தொகைக்கும் பொதுவான வினா ஒன்று உண்டு. 'இது முழுமைதானா?' என்பதே அவ்வினா. கடைக்காரருக்கு விடை எளிது. கணக்கேட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார். பழங்காசு தொகுப்பவர்க்கும் பழம்பாட்டுத் தொகுப்பவர்க்கும் அவ்வாறான கணக்கேடு கையில் இல்லை. அவர்கள் அவ்வேட்டைத் தாமே எழுதிக்கொள்ள வேண்டியவர்களாக இருக்கின்றனர். அதனை எவ்வாறு எழுதுவது என்பதில்தான் தொகுப்போரின் அறிவும் நேர்மையும் வெளிப்படுகின்றன. இக்கருத்தை என் பிழை ஒன்றிலிருந்தே தொடங்கி ஆராய விரும்புகிறேன்.

பலகையும் குழியும்

மலேசியாவின் முதல் நாணய வரிசை 1967ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் புழக்கத்திற்கு வந்தது. நாடாளுமன்றக் கட்டடத்தின் உருவம் தாங்கிய அவ்வரிசை 1988 வரை நீடித்தது. 1989இல் புதிய வரிசை அதன் இடத்தைப் பெற்றது. சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய தமிழ்ப்பள்ளியொன்றின் ஆண்டிறுதிக் கண்காட்சிக்காக அம்முதல் வரிசையின் ஒரு சென் காசுகளைத் தொகுக்குமாறு மாணவர்க்குப் போட்டி வைத்தேன். கடினமான அட்டையில் 1967 முதல் 1988 வரை ஆண்டுக்கு ஒரு குழியாக இருபத்திரண்டு குழிகள் வெட்டி, ஒவ்வொன்றின் கீழும் ஆண்டினை அச்சிட்டு, ஆளுக்கு ஒரு பலகை கொடுத்தேன். பாட்டிமாரின் தகரப் பெட்டிகளும் பழைய உண்டியல்களும் அம்மாதம் பட்ட பாட்டினைப் பெற்றோர் பலர் சொல்லிச் சிரித்தனர்.

முடிவில் இரு பலகைகள் எஞ்சின. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் பலகையில் ஒரு குழியேனும் வெறுமையாக இல்லை. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் பலகையில் பதின்மூன்று காசுகளே இருந்தன. எஞ்சிய ஒவ்வொரு குழியிலும் ஒரு சிறு தாள் துண்டை ஒட்டி, 'தேடினேன். கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தாள். நான் குழிகளை எண்ணினேன். முதற்பரிசை மாணவனுக்கு அளித்தேன்.

பள்ளி விடுமுறையில், லோரோங் கூலிட் சந்தையில் பழங்காசு விற்கும் முதியவர் ஒருவர் வேறொரு பணியாகப் பள்ளிக்கு வந்தார். கண்ணாடிப் பேழையில் இருந்த பரிசுப் பலகையைக் கண்டவர், "சார், 1972இல் ஒரு சென் அடிக்கவே இல்லையே! இந்தப் பிள்ளைக்கு எங்கே கிடைத்தது?" என்று வியந்தார். பேழையைத் திறந்து அக்காசை எடுத்துத் திருப்பினோம். அது வேறோர் ஆண்டின் காசு. ஆண்டு பொறித்த பக்கம் கீழே மறையுமாறு வைக்கப்பட்டிருந்தது. மேலும் சில குழிகளிலும் அவ்வாறே கண்டோம். நான் குழிகளை எண்ணினேனே அன்றி, ஒரு காசையும் திருப்பிப் பார்த்தேன் அல்லேன்.

பள்ளி திறந்ததும் மாணவனை அழைத்துக் கேட்டேன். அவன் தலை கவிழ்ந்து, "குழி இருந்ததால் காசும் இருக்கும் என்று நினைத்தேன் ஐயா. எனக்கு மட்டும்தான் கிடைக்கவில்லை என்று பயந்துவிட்டேன்" என்றான். அவனை நான் கடிந்துகொள்ளவில்லை. அடிக்கப்படாத காசுக்குக் குழி வெட்டியவன் நான். ஆண்டுக்கு ஒரு காசு வந்தே இருக்கும் என்று ஆராயாமல் கருதியவனும் நான். அந்த மாணவியோ இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்டாள். அவளுக்கு உரிய பாராட்டு இன்னும் என் கடனாகவே நிற்கிறது.

பட்டியல் யாருடையது?

இந்நிகழ்ச்சி கற்பித்த முதற்பாடம், நிறைவு என்பது காசில் இல்லை, பட்டியலில் இருக்கிறது என்பதாகும். அம்முதல் வரிசையையே எடுத்துக்கொள்வோம். ஒன்று, ஐந்து, பத்து, இருபது, ஐம்பது சென் காசுகளும் 1971இல் சேர்ந்த ஒரு ரிங்கிட்டும் ஆக ஆறு காசுகள் இருந்தால் நிறைவு என்பார் ஒருவர். அவர் வகைக்கு ஒன்று தொகுப்பவர். ஒவ்வொரு வகையிலும் ஆண்டுக்கு ஒன்று வேண்டும் என்பார் இன்னொருவர். மூன்றாமவரோ, ஒரு சென் காசு முதலில் வெண்கலத்திலும் பின்னர்ச் செம்பு பூசிய எஃகிலும் வந்ததைக் காந்தம் வைத்துக் காட்டி, இரண்டும் வேண்டும் என்பார். ஐம்பது சென்னின் விளிம்பில் வங்கியின் பெயர் பொறித்தது வேறு, பொறிக்காதது வேறு என்று பிரிப்பார். தேசிய வங்கியின் பத்தாம் ஆண்டு நிறைவுக்காக 1969இல் துங்கு அவர்களின் உருவத்துடன் வெளிவந்த நினைவு நாணயத்தைச் சேர்ப்பதா விலக்குவதா என்பது அடுத்த வழக்கு. நால்வர் வாதத்திலும் நியாயம் உண்டு. எனவே, 'என் தொகுப்பு நிறைந்தது' என்று கூறுபவர், எந்தப் பட்டியலின்படி என்பதையும் உடன் கூறக் கடமைப்பட்டவர்.

நம் பினாங்கின் காசுகளை நோக்கினால் இவ்வழக்கு மேலும் ஆழமாகும். 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கம்பெனியின் உடைமையாக்கினார். அதன்பின் பினாங்குக்கெனவே கம்பெனி வெள்ளியிலும் செம்பிலும் ஈயத்திலும் காசுகளை வெளியிட்டது. அவ்வரிசை 1828உடன் முடிகிறது. ஆயினும் அக்காலத்து ஜார்ஜ்டவுன் கடைத்தெருவில் பெருவணிகத்தின் அளவுகோலாக விளங்கியது ஸ்பானிய வெள்ளியே ஆகும். இவ்வூர்க் கைகளில் புழங்கிய அவ்வெள்ளி பினாங்குக் காசா, அன்றா? வெளியிட்ட இடத்தைக் கொண்டு வரையறுத்தால் அன்று. புழங்கிய இடத்தைக் கொண்டு வரையறுத்தால் ஆம்.

இதே வினா நம் இலக்கியத்திலும் உண்டு. ப. சிங்காரம் இளமையில் மேடானிலும் பினாங்கிலும் வாழ்ந்தவர். அவருடைய 'புயலிலே ஒரு தோணி' இவ்வூர்த் தெருக்களிலும் நடக்கும் கதை. நூல் எழுதப்பெற்றதும் வெளிவந்ததும் தமிழ்நாட்டில். மலேசியத் தமிழ் நாவல் வரிசையில் அதற்கு இடம் உண்டா? உண்டு என்பாரும் இல்லை என்பாரும் நூலின் தகுதியைப் பற்றி வாதிடுவதாக எண்ணுகின்றனர். உண்மையில் அவர்கள் வாதிடுவது பட்டியலின் எல்லையைப் பற்றியே. எல்லையை முதலில் கூறிவிட்டால் பூசலில் பாதி தீரும்.

காசுத் துறையில் இவ்வெல்லையை வரைந்த அறிஞர் இருவரை ஈண்டுக் குறிப்பிட வேண்டும். பிரிட்மோர் 1955இல் வெளியிட்ட நூல், நீரிணைக் குடியேற்றங்கள், பிரிட்டிஷ் மலாயா ஆகியவற்றின் காசுகளை 1786 முதல் 1951 வரை பட்டியலிட்டது. சரண் சிங் 1986இல் வெளியிட்ட கலைக்களஞ்சியமோ மலேசியா, சிங்கப்பூர், புருணை நாடுகளின் காசுகளை 1400 முதல் 1986 வரை எடுத்துக்கொண்டது. ஒருவர் கம்பெனியின் வருகையில் தொடங்குகிறார். மற்றவர் அதற்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் முன்னே செல்கிறார். முதல் நூலின்படி முழுமையான பெட்டி, இரண்டாம் நூலின்படி குறையுடைய பெட்டி ஆகிவிடுகிறது. காசு ஒன்றும் குறையவில்லை, பட்டியல் வளர்ந்தது.

மூவகை வெற்றிடம்

பட்டியலை எழுதிய பின்னும் குழிகள் வெறுமையாக நிற்கும். எல்லா வெறுமையும் ஒருதன்மையன அல்ல. அவற்றை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, இருந்தும் நமக்குக் கிட்டாதது. 1971ஆம் ஆண்டின் பத்து சென், இருபது சென் காசுகள் தொகுப்போரை அலைக்கழிப்பவை. ஆயினும் அவை உள்ளன. தேடுவோர்க்கு நம்பிக்கை உண்டு. 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' நாளிதழின் பழைய படிகளை இவ்வகையில் வைக்கலாம். இதழ் நின்றுவிட்டமையால் அதன் பட்டியல் இனி வளராது. விடுபட்ட நாள்களின் இதழ்கள் ஏதேனும் ஒரு தோட்டத்து வீட்டுப் பெட்டியடியில் இருக்கக்கூடும். இவ்வெற்றிடம் நம்மைத் தேடச் சொல்கிறது.

இரண்டாவது, இருந்து அழிந்தது. பினாங்கின் ஈயக் காசுகள் இந்நாட்டின் ஈரக் காற்றிலும் மண்ணிலும் அரிக்கப்படும் இயல்பின. ஏடுகளைச் செல்லரித்தது போன்றதே இது. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. எண்பது பாடல்களே எஞ்சின. பரிபாடல் எழுபது என்பது பழங்கணக்கு. முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டு. ஐங்குறுநூற்றில் 129, 130 ஆகியன இல்லை. புறநானூற்றில் 267, 268 ஆகியன இல்லை.

ஈண்டு உ. வே. சாமிநாதையர் செய்ததை நம் மாணவர்க்கு எடுத்துக்காட்ட வேண்டும். புறநானூற்றை 1894இலும், ஐங்குறுநூற்றை 1903இலும், பதிற்றுப்பத்தை 1904இலும், பரிபாடலை 1918இலும் அவர் பதிப்பித்தார். 266க்குப் பின் 269 என்று எண்ணிட்டு, இடையில் இரண்டு பாடல் காணப்படவில்லை என்பதைப் படிப்போர் அறியுமாறு விட்டார். எண்களை நெருக்கி எழுதித் தொடர்ச்சி உண்டாக்குதல் எளிது. அதனை அவர் செய்யவில்லை. உரைகளிலும் புறத்திரட்டிலும் எஞ்சிய சில பாடல்கள் மறைந்த பகுதிகளைச் சேர்ந்தனவாகலாம் என்று கண்டபோது, அவற்றைத் தனியே வைத்தார். பொருந்தக்கூடிய காசு கிடைத்தாலும், உறுதியாகும் வரை அதற்குத் தனித்தட்டுக் கொடுப்பதே முறை. இவ்வெற்றிடம் நம்மை அடையாளமிட்டு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது.

மூன்றாவது, ஒருபோதும் இல்லாதது. 1972இன் ஒரு சென் போன்றது. காசு இல்லை, குழி மட்டும் இருக்கிறது. இவ்வெற்றிடத்தைத் தேடுவதாலும் நிரப்ப இயலாது, அடையாளமிடுவதாலும் பயனில்லை. பட்டியலைத் திருத்துவதே இதற்கு மருந்து. திருத்தாது விட்டால், எங்கிருந்தோ ஒரு காசு வந்து அக்குழியில் அமர்ந்துவிடும். மூன்றனுள் இதுவே மிகுந்த தீங்குடையது.

பதினெட்டாம் நூல்

குழி காசைப் பிறப்பித்த கதை நம் இலக்கிய வரலாற்றிலும் உண்டு. பதினெண்கீழ்க்கணக்கு என்னும் தொகுதியின் நூற்பெயர்களைக் கூறும் பழைய வெண்பா ஒன்று வழங்குகிறது. பதினேழு நூல்கள் இவை என்பதில் பெரும்பாலும் கருத்து ஒற்றுமை உண்டு. பதினெட்டாவது எது என்பதிலேதான் பூசல். அவ்வெண்பாவின் இறுதிப்பகுதியில் 'இன்னிலைய' என்ற சொல்லும் 'கைந்நிலைய' என்ற சொல்லும் வருகின்றன. இவற்றுள் எது நூற்பெயர், எது அடைமொழி? பாட வேறுபாடுகளும் உடன் சேர்ந்து குழப்பத்தை மிகுவித்தன.

1917இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை 'இன்னிலை' என்ற நூலைத் தம் உரையுடன் வெளியிட்டார். நாற்பத்தைந்து வெண்பாக்கள், பொய்கையார் இயற்றியது என்ற பெயருடன் வந்தது. பின்னர் 1931இல் அனந்தராமையர் 'கைந்நிலை' என்ற நூலை வெளியிட்டார். புல்லங்காடனார் இயற்றியது; திணைக்குப் பன்னிரண்டாக அறுபது வெண்பாக்கள் கொண்டது. அவற்றுள் பல சிதைந்தவை; சொல் விழுந்தும் அடி விழுந்தும் நிற்பவை. ஆனால் கைந்நிலைப் பாடல்களைப் பழைய உரையாசிரியர் மேற்கோளாக எடுத்தாண்டுள்ளனர். இன்னிலைக்கு அத்தகைய பழஞ்சான்று இல்லை. வையாபுரிப் பிள்ளை முதலான ஆய்வாளர் இன்னிலையைப் பிற்காலத்துப் போலி எனத் தள்ளினர். இன்று பெரும்பாலோர் கைந்நிலையையே பதினெட்டாவதாகக் கொள்கின்றனர்.

வ. உ. சி. அவர்களின் தமிழ்ப்பற்றையும் தூய உள்ளத்தையும் ஐயுறுவார் எவரும் இலர். கப்பலோட்டிச் சிறை சென்று வறுமையுற்ற பின்னும் நூல் பதிப்பித்த பெருமகன் அவர். தம் கைக்கு வந்ததை நம்பி அச்சேற்றினார். ஆகவே நாம் கேட்கவேண்டிய வினா, 'யார் ஏமாந்தார்?' என்பதன்று. 'அவ்வேடு ஏன் அவ்வளவு எளிதாக ஏற்கப்பட்டது?' என்பதே. பதினெட்டு என்ற எண் முன்னரே அச்சிட்ட பலகையாக இருந்தது. 'இன்னிலை' என்று பெயரிட்ட ஒரு குழியும் அதில் இருந்தது. குழி இருப்பதால் நூலும் இருக்கும் என்று கருதினர். என் மாணவன் சொன்ன சொல்லும் அதுதான்.

இன்னொன்றையும் நோக்குக. வந்து சேர்ந்த இரு நூல்களுள் போலி என்று தள்ளப்பட்டது குறையின்றி முழுமையாக இருந்தது; சான்றுடைய நூலோ சிதைந்து கிடந்தது. பார்வைக்கு நிறைந்ததே மெய் என்று முடிவு செய்யும் நடுவர், என்னைப் போலவே, குழிகளை எண்ணுபவர் ஆவார்.

எண்ணை மிஞ்சிய தொகை

குறைவே அன்றி மிகையும் திறனாய்வுக்கு உரியது. குறுந்தொகை நானூறு என்று போற்றப்படினும், கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள் அதில் உள்ளன. நான்கு முதல் எட்டடி வரை என்பது தொகுத்தோர் வகுத்த எல்லை. 307ஆம் பாடலும் 391ஆம் பாடலும் ஒன்பது அடிகளில் அமைந்துள்ளன. இவ்விரண்டனுள் ஒன்று இடையில் நுழைந்ததோ என்று அறிஞர் ஐயுற்றனர். ஆயினும் எதனையும் கிள்ளி எறிந்து எண்ணைச் சரிசெய்யவில்லை. நானூறு என்ற பெயருக்காக ஒரு பாட்டை இழப்பதைவிட, நானூற்றொன்று என்ற வியப்பினை வைத்துக்கொள்வது அறிவுடைமை. காசுப் பெட்டியிலும் பட்டியலில் அடங்காத காசு வரும். அதனை வீசி எறிபவரைவிட, 'இஃது ஏன் இங்கு வந்தது?' என்று கேட்பவரே துறையை வளர்ப்பவர்.

பட்டியலே இல்லாத தொகுப்பும் உண்டு. 'பெருவழுதி' என்று தமிழ்ப் பிராமியில் பெயர் பொறித்த பாண்டியர் செப்புக்காசு 1980களில் படிக்கப்பெற்று, இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்களின் ஆய்வால் அறிஞருலகின் கவனத்தைப் பெற்றது. சேரர்க்குரிய 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை', 'கொல்லிப்புறை' எனப் பெயர் பொறித்த காசுகளும் அறியப்பட்டன. சங்க காலத்து மன்னர் எத்தனை பேர் பெயரிட்ட காசு அடித்தனர் என்று சொல்லும் வெண்பா எதுவும் நம்மிடம் இல்லை. ஆதலின் அத்துறையில் 'நிறைவு' என்ற சொல்லுக்கே இடம் இல்லை. 'இதுவரை அறியப்பட்டவை' என்பதே அங்கு நேர்மையான தலைப்பு. நாளையே இன்னொரு பெயர் மண்ணிலிருந்து எழலாம்.

ஒரு தடையும் விடையும்

'பட்டியலை அவரவரே எழுதலாம் என்றால், கையில் உள்ளதையே பட்டியல் என்று சொல்லி எவரும் நிறைவு கொண்டாடலாமே' என்று ஒருவர் தடை எழுப்பக்கூடும். தடை நியாயமானதே. அதற்கு விடை இரண்டு. பட்டியல் தேடலுக்கு முன் எழுதப்பட வேண்டும். தேடி முடித்த பின் எழுதும் பட்டியல் சான்றிதழ் ஆகுமே அன்றி அளவுகோல் ஆகாது. மேலும், அது தொகுப்பவர் கைக்கு வெளியே உள்ள காரணத்தால் அமைய வேண்டும். வெளியிட்ட அரசு, காலம், உலோகம், புழங்கிய நிலம் ஆகிய ஏதேனும் ஒன்று அதற்கு எல்லையாகலாம். 'எனக்குக் கிடைத்தது' என்பது எல்லையாகாது. சான்று புதிதாகத் தோன்றினால் பட்டியலைத் திருத்தலாம். திருத்தியதை மறைத்தல் ஆகாது.

இந்நாட்டில் நாம் வெளியிடும் கதைத் தொகுப்புகளையும் கவிதைத் தொகுப்புகளையும் இவ்வளவுகோலால் நோக்கினால் நமக்கே வெட்கம் உண்டாகும். 'முழுத்தொகுப்பு' என்று அட்டையில் அச்சிடுகிறோம். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எவ்வெவ்விதழ்களைப் பார்த்தோம், எவை கிடைக்கவில்லை என்று முன்னுரையில் ஒரு பத்தி எழுத மறந்துவிடுகிறோம். விடுபட்ட எழுத்தாளர்க்கு அது தீங்கு; அவர் இருந்ததே இல்லை என்று அடுத்த தலைமுறை முடிவு செய்துவிடும். கிட்டாததையும் அழிந்ததையும் இல்லாததையும் ஒன்றாக்கிவிடும் முழுமை அது.

ஆசிரியராகிய நாம் மாணவர்க்குத் தொகுக்கக் கற்றுக்கொடுக்கும்போது, நிரப்பிய குழிக்கு மதிப்பெண் இடுகிறோம். வெற்றுக் குழியின் காரணத்தைச் சரியாக எழுதியவர்க்கும் மதிப்பெண் இட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இப்போது என் பள்ளியில் கொடுக்கும் பலகைகளில் ஆண்டுகள் அச்சிடப்படுவதில்லை. எந்தெந்தக் காசுகள் அடிக்கப்பட்டன என்பதை மாணவரே நூலகத்திலும் பெரியோரிடத்திலும் கேட்டறிந்து, பட்டியலை முதலில் எழுதித் தருகின்றனர். குழி வெட்டுவது அதன் பிறகே. வேலை இரட்டிப்பாகிறது, காசுகள் முன்னையளவு சேர்வதில்லை. ஆனால் கவிழ்த்து வைத்த காசு ஒன்றையும் இதுவரை நான் காணவில்லை.

நம் முன்னோர் காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்ற ஒரே சொல்லை வழங்கினர். 'தேடினேன், கிடைக்கவில்லை' என்று எழுதி ஒட்டிய அச்சிறுமியின் பலகையில் அவ்விரண்டும் இருந்தன.